ஒரு சொல்லுக்கு இரண்டாவது சாட்சி

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகன் எழுதுவது. இங்கே நான் உடம்பளவில் நலம். அங்கே நீங்களும் அத்தையும் உங்கள் இடது முழங்காலும் நலமாக இருப்பதாக அம்மா சொன்னாள். மூவரும் அப்படியே நீடிக்க வேண்டுகிறேன். நீங்கள் சொல்லி வாங்கிக் கொடுத்த வேலையில் நான் இன்னும் இருக்கிறேன். இந்த ‘இன்னும்’ வரும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணி வரைக்கும்தான் தாங்கும். அதைப் பற்றித்தான் கடிதம்.

இத்துடன் ஓர் அட்டை வைத்திருக்கிறேன். அதன் அடியில் இரண்டு கோடுகள் இருக்கும். முதல் கோட்டில் என் கையெழுத்து இருக்கிறது. இரண்டாவது கோடு காலி. அதில் நீங்கள் கையெழுத்துப் போட்டு மறுதபாலில் அனுப்பினால் என் வேலை நிரந்தரமாகிவிடும். அட்டையைப் படிக்காமல் போட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் ஆசை. ஆனால் நீங்கள் முப்பது வருஷம் இந்த அகராதி அலுவலகத்தின் மேலாளராக இருந்தவர்; பால்காரர் சீட்டைக்கூட இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவீர்கள் என்று அத்தை சொல்வாள். ஆகவே நடந்ததை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். படித்த பிறகு கோபம் வந்தால், கையெழுத்துப் போட்டுவிட்டுக் கோபப்படுங்கள்.

இங்குள்ள விதி உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் நீங்கள் ஓய்வு பெற்று ஆறு வருஷமாகிறது. அதன் கொடுமை மறந்திருக்கலாம். நம் ஆங்கில-தமிழ் அகராதியில் எந்தச் சொல்லுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியத்தைக் கற்பனையாக எழுதக் கூடாது. இந்தக் கட்டடத்துக்குள் கண்ணால் கண்டதைத்தான் எழுத வேண்டும். இங்கே வேலை செய்யும் இருவர், அல்லது வேலை செய்து ஓய்வு பெற்றவர், ‘ஆம், நானும் கண்டேன்’ என்று அட்டையில் கையெழுத்திட வேண்டும். மற்ற அகராதிகளைப் போல அரசன் குதிரை மேல் வந்தான் என்று பொய் எழுத மாட்டோம் என்பது நிறுவனரின் வைராக்கியம். அதன் பலன், நாடு முழுவதும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எங்கள் கழிப்பறைக் குழாயை வைத்து ஆங்கிலம் படிக்கிறார்கள். ‘கசிவு’ என்று பொருள்படும் சொல்லின் கீழே அந்தக் குழாய் மூன்று பதிப்புகளாகக் கசிந்துகொண்டிருக்கிறது. யானைக்கு, ‘சுவரில் தொங்கும் நாள்காட்டியில் ஒரு யானை இருக்கிறது’ என்று வாக்கியம். எரிமலைக்கு, ‘எரிமலை இங்கே இல்லை’ என்று வாக்கியம். அதற்கும் இரண்டு பேர் கையெழுத்து. ‘நேர்த்தியான’ என்று பொருள்படும் சொல்லுக்கு, இங்கே கணினியில் தட்டச்சு செய்யும் அம்மாவின் (எங்களுக்கு அவர் கணினி அம்மா) புதுக் கண்ணாடி நேர்த்தியாக இருக்கிறது என்று எழுதி, மூத்த மெய்ப்புத் திருத்துநர் இரண்டாவது கையெழுத்தைப் போட்டார். அது அச்சாகி வெளிவந்த வாரம் அவர் மனைவி நேரில் வந்து விசாரித்தார்.

எனக்குக் கொடுத்தது ஆங்கிலத்தின் ஐந்தாம் எழுத்து. ஒரு வருஷத் தற்காலிகப் பணி. அந்த எழுத்தை முடித்தால் நிரந்தரம். இந்த ஒரு வருஷத்தில் நான் வெளியே எங்கும் போகாமல் இந்தக் கட்டடத்தையே வெறித்துப் பார்த்து எழுநூற்றுப் பதினாறு சொற்களை முடித்தேன். ‘காலியான’ என்று பொருள்படும் சொல்லுக்கு என் மேசைக்கு எதிரே கிடக்கும் இரண்டு பார்வையாளர் நாற்காலிகளை எழுதினேன். யாரும் என்னைப் பார்க்க வருவதில்லை என்பதால் அதற்குச் சாட்சி சுலபமாகக் கிடைத்தது. மிச்சம் ஒரே ஒரு சொல். தமிழில் எழுதினால் ‘என்ட்ரென்ச்டு’ என்று வரும். சொல்லிப் பாருங்கள், வாய்க்குள் ஆணி மாட்டிக்கொண்டது போல இருக்கும். ஒன்று தன் இடத்தில் கெட்டியாக ஊன்றிக்கொண்டு, இனி யாராலும் பெயர்க்க முடியாது என்று ஆகிவிட்டால் அதற்கு இந்தச் சொல். போர்க்களத்தில் குழி வெட்டி அதற்குள் இறங்கி உட்கார்ந்துகொள்வதிலிருந்து வந்ததாம். நான் நேர்ப்பொருளாக எட்டுச் சொற்கள் எழுதினேன்: அசையாத, இறுகிய, ஊன்றிய, வேர்விட்ட, நிலைபெற்ற, ஊறிப்போன, ஆழப் பதிந்த, மாற்ற முடியாத. எட்டும் ஒன்றல்ல, மாமா. அசையாதது பாறை. இறுகியது முடிச்சு. ஊறிப்போனது சட்டைக் காலரில் இருக்கும் அழுக்கு. துவைத்தாலும் அது தன் பங்குக்குக் கொஞ்சம் நிற்கும். இந்த எட்டில் எது இந்தச் சொல்லின் தலையில் சரியாக உட்காரும் என்பதை எடுத்துக்காட்டு வாக்கியம்தான் காட்டிக்கொடுக்க வேண்டும். அந்த வாக்கியத்தைத் தேடிப் பதினேழு நாள் ஆகிறது.

முதல் நாள் கஷ்டமே இல்லை என்று நினைத்தேன். நடைக்கூடத்தில், படிக்கட்டு முடிகிற இடத்தில், பழைய அட்டைகள் வைத்த இரும்பு பீரோ நிற்கிறதே, நினைவிருக்கும். பாதி வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். அந்த இடம் வந்ததும் எல்லோரும் பக்கவாட்டில் திரும்பி, மூச்சை உள்ளிழுத்து, நண்டு போல நகர்ந்து போக வேண்டும். ‘நடைக்கூடத்து பீரோ அசையாமல் ஊன்றி நிற்கிறது’ என்று எழுதினேன். கணினி அம்மா கையெழுத்துப் போட்டார். மெய்ப்புத் திருத்துநரும் போட்டார். இவர் எந்த வாக்கியத்தையும் நடுவில் நிறுத்தி யோசிப்பதால் அலுவலகத்தில் இவருக்கு அரைப்புள்ளி என்று பெயர். அன்று நிறுத்தாமலே போட்டார். அட்டையைத் தலைமைத் தொகுப்பாளரிடம் கொண்டுபோனேன். அவரை நாங்கள் பெரியவர் என்போம். படித்துவிட்டு, தள்ளிப் பார்த்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். தள்ளிப் பார்க்காமல் அசையாது என்று எப்படிச் சாட்சி சொன்னீர்கள் என்றார். விதிப்படி கேள்வி சரிதான். நாங்கள் நான்கு பேர் போனோம். நான் தோளைக் கொடுத்து முழு பலத்தையும் போட்டுத் தள்ளினேன். பீரோ வழுக்கிக்கொண்டு போனது. நானும் அதன் கூடவே போனேன். இரண்டு பேரும் கணினி அம்மாவின் மேசையில் போய் மோதி, அவருடைய டீ ஃபிளாஸ்க் உடைந்து, விசைப்பலகையில் டீ ஓடி, ‘எல்’ விசை அன்று முதல் வேலை செய்யவில்லை. எழுந்து பார்த்தால் பீரோவின் அடியில் நான்கு சக்கரங்கள். ஒன்றில்கூடத் துரு இல்லை. அரைப்புள்ளி தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பத்தொன்பது வருஷமாக அதை உள்ளே இழுத்துக்கொண்டு அந்த இடத்தைக் கடந்தவர் அவர். யாரும் சிரிக்கவில்லை.

‘அசையாத’ போயிற்று. பீரோவை ஓரமாக நிறுத்தினோம். வழி அகலமாகத் திறந்தது. ஆனால் மறுநாள் காலையில் பார்த்தால் எல்லோரும் அந்த இடம் வந்ததும் பக்கவாட்டில் திரும்பி, மூச்சை இழுத்து, இல்லாத பீரோவை உரசாமல் நகர்ந்து போனார்கள். பெரியவரும்தான். எனக்கு ஒரே சந்தோஷம். ‘ஊறிப்போன’ கிடைத்துவிட்டது. பீரோ போன பிறகும் மக்கள் ஒதுங்கியே நடக்கிறார்கள் என்று எழுதி, இரண்டு கையெழுத்தும் வாங்கிவிட்டேன். பெரியவர், ஒரு வாரம் பொறுங்கள், ஊறியது என்றால் காய்ந்து போகக் கூடாது என்றார். நான்காம் நாளே அரைப்புள்ளி நிமிர்ந்து நடந்து வந்தார், வயிறு முன்னால் வர, ஓர் அதிகாரி போல. ஐந்தாம் நாள் எல்லோரும் நிமிர்ந்துவிட்டார்கள். கொடுத்த கையெழுத்தை இருவரும் கோடு போட்டு அடித்துவிட்டார்கள். அந்தச் சொல்லும் போயிற்று.

(இங்கே ஒரு நிமிடம். மணி நான்காகிறது. பெருக்கும் அக்கா தபால் வாங்க வந்துவிட்டார். வீட்டுக்குப் போகிற வழியில் அலுவலகத் தபாலைப் பெட்டியில் போடுவதும் அவர்தான். ஒரு நிமிஷம் அக்கா, முடித்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஆகவே மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.)

பீரோ நகர்ந்த இடத்தில் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. சக்கரத்தைப் பார்த்த அதிர்ச்சியில் அன்று யாரும் அதைக் கவனிக்கவில்லை. எல்லோரும் நிமிர்ந்து நடக்க ஆரம்பித்து என் வாக்கியம் செத்துப்போன அந்த ஐந்தாம் நாள், நான் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் படித்தேன். பழுப்பேறியிருந்தது, ஆனால் எழுத்து தெளிவு. ‘அறிவிப்பு. புதிய நாற்காலிகள் வந்து சேரும்வரை துப்புரவுப் பணியாளர் மூன்றாம் படியில் அமர்ந்து உணவருந்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார். இரண்டு நாளைக்கு மட்டும்.’ கீழே தேதி. பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய தேதி. அதன் கீழே மேலாளர் கையெழுத்து. அந்தக் கையெழுத்தை எனக்கு நன்றாகத் தெரியும், மாமா. என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் அப்பாவுக்குப் பதிலாக அதுதான் இருக்கிறது.

திரும்பிக் கீழே பார்த்தேன். மதியம் ஒன்றேகால். பெருக்கும் அக்கா மூன்றாம் படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பாட்டுப் பாத்திரத்தின் மூடியை மடியில் வைத்து, முழங்கால்களை ஒரு பக்கமாக ஒடுக்கி, ஆள் போக வழிவிட்டு. அந்தப் படியின் விளிம்பு மட்டும் மற்றப் படிகளைவிட வழவழவென்று இருக்கிறது. நான் ஒரு வருஷமாக ஒரு நாளைக்கு ஆறு முறை அவரைத் தாண்டிப் போயிருக்கிறேன். சொல்லுக்குத் தவித்துக் கூரையில் இருக்கும் பல்லியைக்கூட எண்ணியிருக்கிறேன். இது கண்ணில் படவே இல்லை. பெரியவர் அறைக்குப் பக்கத்து அறையில் ஓய்வு பெற்றவர்களின் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. எண்ணினேன். பதினொன்று. அதில் ஒன்று உங்களுடையது, மாமா. கைப்பிடியில் நீங்கள் பேனா நுனியால் குத்திய புள்ளிகள் இருக்கின்றன.

மேசைக்கு ஓடினேன். உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன்: ‘உள்ளே பதினொரு நாற்காலிகள் காலியாக இருக்க, துப்புரவுப் பணியாளர் பத்தொன்பது வருஷமாகப் படியில்தான் உட்காருகிறார், இந்த வழக்கம் இங்கே என்ட்ரென்ச்டு ஆகிவிட்டது.’ எட்டில் எந்தச் சொல் பொருந்தும் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. முதல் கோட்டில் நானே கையெழுத்துப் போட்டேன். இனி ஒரே ஒரு சாட்சி.

கணினி அம்மா அட்டையைப் படித்துவிட்டு, அவங்களுக்கு அங்கேதான் வசதி, நல்லா காத்து வருது, எனக்கே பொறாமையா இருக்கும் என்றார். அப்படியானால் நாளை முதல் இடம் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் ‘எல்’ இல்லாத விசைப்பலகையில் சத்தமாகத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். அரைப்புள்ளியிடம் போனேன். முதலில் வாக்கியத்தில் பிழை தேடினார். கிடைக்கவில்லை. பிறகு அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

“நான் இதைப் பார்த்ததில்ல, தம்பி.”

“தினமும் அவங்களைத் தாண்டித்தானே ஐயா மேல வர்றீங்க?”

“தாண்டி வர்றேன். பார்த்தது…” என்று நிறுத்தினார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நிறுத்தினார். “பார்த்ததில்ல.”

அந்த ஆள் பொய் சொல்லவில்லை, மாமா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துப் போட்டுக்கொண்ட பிறகும் கையெழுத்துப் போடவில்லை.

கடைசியில் பெரியவரிடமே போனேன். அவர் நல்ல மனநிலையில் இருந்தார். நாற்காலியில் உட்காரக் கூடாது என்று யாராவது சொன்னோமா என்றார். இல்லை என்றேன். விதி இருக்கிறதா, இல்லை. யாராவது தடுத்தார்களா, இல்லை. பிறகு எப்படி இதை அச்சில் போடுவது, இந்த அகராதி நாடு முழுக்கப் போகிறது, எல்லோரும் நம்மை என்ன நினைப்பார்கள் என்றார்.

“எரிமலை இல்லைன்னு போட்டோமே, ஐயா.”

“எரிமலை ஒண்ணும் வருத்தப்படப் போறதில்லையே.”

அதோடு முடிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் இரண்டாவது கையெழுத்தோடு வந்தால் விதிப்படி அச்சுக்கு அனுப்புகிறேன், என்னால் மறுக்க முடியாது. வராவிட்டால் ஐந்தாம் எழுத்தை வேறொருவரிடம் கொடுத்துவிடுகிறேன், அதையும் என்னால் தவிர்க்க முடியாது என்றார். வேறு வாக்கியம் வேண்டுமானால், ‘தலைமைத் தொகுப்பாளரின் கொள்கைகள் மாறாதவை’ என்று எழுதலாம், சாட்சிக்குப் பஞ்சம் இருக்காது என்றும் சொன்னார். அன்று மதியத்துக்குள் ஜன்னலைத் திறக்கச் சொல்லி, மூடச் சொல்லி, மறுபடி திறக்கச் சொன்னவர் அவர்.

எழுத்தில் நடக்காவிட்டால் நேரில் செய்துவிடலாம் என்று அடுத்த நாள் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படிக்கட்டுத் திருப்பத்தில் போட்டேன். உங்கள் நாற்காலிதான். அக்கா அதைப் பார்த்தார். ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்தார். தூக்கிக்கொண்டு போய் அடுக்கியிருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்து மூன்றாம் படியில் உட்கார்ந்தார். மறுநாளும் போட்டேன். அன்று காகிதம் கொண்டுவந்த ஓட்டுநர் அதில் உட்கார்ந்து அரை மணி நேரம் தொலைபேசியில் பேசினார். அவர் எழுந்ததும் கணினி அம்மா கைப்பையை வைத்தார். அதற்கடுத்த நாள் அரைப்புள்ளி கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். இந்த இடத்துல நல்லா காத்து வருது தம்பி, யார் யோசனையோ தெரியல என்றார். அவருக்கு இரண்டு படி கீழே அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் போய், நீங்கள் ஏன் அக்கா உட்காரவில்லை என்று கேட்டேன். கேட்டபோது குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது. உதவி செய்கிறவனுக்கு வருகிற கோபம்.

அக்கா வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுத்தான் பேசினார். “நாற்காலி போட்டீங்க, சரி. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

நான் ஒரு படி கீழே இறங்கி நின்றேன்.

“அட்டை ஒண்ணு எழுதிட்டுக் கையெழுத்துக்கு அலையறீங்களாமே. உங்க வேலை நிரந்தரமாகிறதுக்கு நான் எங்கே உட்காரணும், சொல்லுங்க தம்பி. அங்கேயே உட்கார்ந்துடறேன்.”

பக்கத்தில் அரைப்புள்ளி செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். பாத்திரத்தை மூடிவிட்டு அக்காவே சொன்னார், அவ்வளவு கடுமையாக இல்லாமல். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் மேலாளர் ஐயா வந்து, நாற்காலி குறையுதும்மா, ரெண்டே நாள் படியில உட்கார்ந்துக்கோ என்று தன்மையாகச் சொன்னாராம். மூன்றாம் நாள் நாற்காலிகள் வண்டியில் வந்து இறங்கினவாம். அவற்றைத் துடைத்து உள்ளே வைத்ததே அவர்தானாம். “யாராவது கூப்பிடுவாங்கன்னு பார்த்தேன். அப்புறம் பார்க்கிறத விட்டுட்டேன். உங்க மாமா நல்ல மனுஷன். தினமும் என்னைத் தாண்டும்போது ‘கொஞ்சம் வழி விடும்மா’ன்னு மரியாதையாத்தான் சொல்லுவாரு.”

அந்த வாக்கியத்தை அட்டையில் எழுதியிருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும். எழுத மனம் வரவில்லை.

மாமா, நான் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. ஏற்றினால் அம்மா என்னைச் சும்மா விடமாட்டாள். ஆனால் பதினேழு நாளும் சொல் தேடியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இந்த அலுவலகத்தில் உத்தரவு போட்டு முத்திரை குத்திய விஷயங்கள் ஒரு வாரம் நிற்பதில்லை. டீ நேரம் பத்து நிமிடம் என்ற உத்தரவு இருக்கிறது, யாருக்கும் தெரியாது. நீங்கள் இரண்டு நாளைக்கு என்று தாளில் எழுதி ஒட்டி, அந்தத் தாளையும் பீரோ மறைத்து, எழுதிய நீங்களே மறந்து போன ஒன்று மட்டும் பத்தொன்பது வருஷம் நிற்கிறது. அதை யாரும் கட்டிக் காக்கவில்லை. எல்லோரும் தாண்டிப் போனோம், அவ்வளவுதான். பெரியவரைக் கேட்டால் விதி இல்லை என்கிறார். அரைப்புள்ளி பார்க்கவில்லை என்கிறார். கணினி அம்மா காற்று வருகிறது என்கிறார். இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை என்று எல்லோரும் எனக்குச் சொல்கிறார்கள். எனக்கு அது போதவில்லை, மாமா. ஒருத்தராவது நான் பார்த்தேன் என்று ஒரு கோட்டில் கையெழுத்துப் போட்டால் போதும்.

நீங்கள்தான் அந்த ஒருத்தர். ஆரம்பித்தவர், தினமும் பார்த்தவர், ஓய்வு பெற்றவர். விதியில் இடம் இருக்கிறது. பெரியவரால் உங்கள் கையெழுத்தை மறுக்க முடியாது, அவருக்கு வேலை போட்டுக் கொடுத்ததே நீங்கள். என் வேலைக்காகக் கேட்கிறேனா, அந்த அக்காவுக்காகக் கேட்கிறேனா என்று நீங்கள் கேட்பீர்கள். அக்காவும் அதைத்தான் கேட்டார். இரண்டையும் பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. ஆனால் வாக்கியம் உண்மை. உண்மைக்கு யார் எதற்காகச் சாட்சி கேட்டார்கள் என்று அட்டையில் எழுதக் கட்டம் இல்லை.

வேறு விசேஷம் இல்லை. அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவள் அனுப்பிய ஸ்வெட்டர் சரியாக இருக்கிறது, ஒரு கை மட்டும் நீளம். உங்கள் மகளின் தேர்வு நல்லபடியாக முடியட்டும். அவளிடம் நம் அகராதியைக் கொடுக்காதீர்கள், தேர்வில் குழாயைப் பற்றி எழுதிவிடுவாள். உங்கள் முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் நல்ல உடம்போடும் நல்ல பேரோடும் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று மனதார விரும்பும்,

உங்கள் அக்கா மகன்.

பி.கு.: உறையில் முகவரி எழுத நிமிர்ந்தேன். மணி ஐந்தரை. எல்லோரும் போய்விட்டார்கள். பெருக்கும் அக்கா வாசல் நிலையில் தோளைச் சாய்த்து, கையில் பையோடு நின்றுகொண்டிருந்தார். நான் ஒரு நிமிஷம் என்று சொன்னது நான்கு மணிக்கு. இவ்வளவையும் அவரைப் பற்றித்தான் எழுதினேன், மாமா, அவரை நிற்க வைத்துவிட்டு. என் மேசைக்கு எதிரே இரண்டு நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. அவற்றை வைத்து நானே ஒரு சொல்லை முடித்திருக்கிறேன்.

நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம். அந்த அட்டையைக் கிழித்துவிட்டேன். புது அட்டையில் இப்படி எழுதினேன்: ‘இந்த வழக்கம் எவ்வளவு என்ட்ரென்ச்டு ஆகிவிட்டது என்றால், அதை எதிர்த்துக் கடிதம் எழுதியவனே ஒரு மணி நேரம் அவரை நிற்க வைத்து எழுதினான்.’ முதல் கோட்டில் நான் போட்டேன். இரண்டாவது கோட்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது. இங்கே வேலை செய்யும் இருவர் என்றுதான் விதி சொல்கிறது. பத்தொன்பது வருஷமாக இங்கே வேலை செய்கிற ஒருவர் தினமும் என் மேசையைத் துடைக்கிறார். பதினேழு நாள் சாட்சி தேடி மாடிக்கும் கீழுக்கும் அலைந்த எனக்கு அவரைக் கேட்கத் தோன்றவே இல்லை.

இந்த முறை கேட்டேன். அக்கா அட்டையை வாங்கி நிதானமாகப் படித்தார். இத்தனை வருஷம் இந்த அட்டைகளைத் துடைத்தவர். எங்கே திருத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. “ஒரு மணி நேரம்னு போட்டிருக்கீங்க. ஒன்றரை” என்றார். திருத்தினேன். குனிந்து கையெழுத்துப் போட இடுப்பு வலிக்கிறது என்று சொல்லி, அவரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழுப் பெயரையும் எழுதினார். கோடு போதவில்லை.

பெரியவர் இதை ஏற்பாரா, என் வேலை வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இருக்குமா, தெரியவில்லை. அட்டை இங்கேயே இருக்கும். உறையில் அதற்குப் பதிலாகச் சுவரிலிருந்து கிழியாமல் உரித்த உங்கள் அறிவிப்பை வைத்திருக்கிறேன். அக்கா இன்னும் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. அதனால் தபாலை நானே கொண்டுபோய்ப் பெட்டியில் போடுகிறேன்.